வீடியோ கால் முடிந்ததும் காலியாகிற சோபா

கேள்வி: எனக்கு 49 வயது. கணவருக்கு 54. திருமணமாகி 26 வருடம் ஆகிறது. பெரியவன் வேலை கிடைத்துப் போய் மூன்று வருடம். சின்னவள் படிக்கக் கிளம்பி எட்டு மாதம். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பேச்சும் இல்லை. ‘பில் கட்டியாச்சா’, ‘கதவைப் பூட்டியாச்சா’, ‘சாவி எங்கே’ என்பதோடு ஒரு நாள் முடிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ காலில் வரும்போது மட்டும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து சிரிக்கிறோம். கால் முடிந்த மறுநிமிடம் அவர் ஒரு அறை, நான் ஒரு அறை. பையனின் பரீட்சை சமயத்தில் தனித்தனியாகப் படுக்க ஆரம்பித்தோம். ஆறு வருடமாக அது அப்படியே நிற்கிறது. ‘எங்கேயாவது போய்விட்டு வரலாமா’ என்று கேட்டால் ‘இந்த வயசுல என்ன’ என்கிறார். எனக்குக் கோபம்கூட வருவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இனிமேல் இப்படியேதானா? இந்த வயதில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது தவறா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறே இல்லை. கணவர் தன்னோடு பேசவேண்டும், பக்கத்தில் இருக்கவேண்டும் என்று 49 வயதில் ஒருத்தி நினைப்பதில் வெட்கப்பட ஒன்றும் கிடையாது. இன்னும் 25, 30 வருடம் ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள். பிள்ளைகளை வளர்த்த காலத்தைவிட அது நீளமாகவே இருக்கலாம்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். நீங்கள் அனுப்பியது ஏழு பக்கம். இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பென்சிலை வைத்துக்கொண்டு ஒன்றை எண்ணிக்கொண்டே வந்தேன். கணவரைப் பதினான்கு இடத்தில் ‘பசங்க அப்பா’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘என் கணவர்’ என்பது இரண்டே இடத்தில். அவரும் உங்களைத் தேடும்போது ‘அம்மா எங்கேடா?’ என்று பிள்ளைகளைக் கேட்டே பழகியவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதுதான் வழக்கம். ஆனால் உங்கள் சிக்கலின் நூல்முனை அந்த இரண்டு சொல்லில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘அப்பாகிட்ட சொல்லு, நேரமாச்சுன்னு.’ ‘அம்மாகிட்ட கேளு, என் கண்ணாடி எங்கேன்னு.’ இருபது வருடத்துக்கு மேல் உங்கள் இருவருக்கும் நடுவே பிள்ளைகள் தபால்காரர் வேலை பார்த்திருக்கிறார்கள். இப்போது தபால்காரர்கள் போய்விட்டார்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றால் இருவருக்கும் கூச்சமாக இருக்கிறது.

இதை அன்பு வற்றிப்போன வீடு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரே சோபாவில் உட்கார மாட்டார்கள். மகளுக்கு ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாகப் போன் செய்வார்கள். நீங்கள் இருவரும் கேமராவுக்குள் முகம் தெரிய வேண்டும் என்று தோளோடு தோள் நெருங்குகிறீர்கள். அந்தப் பத்து நிமிடமும் நடிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. நடிக்கிறவர்களுக்கு ‘அன்னைக்கு உங்கப்பா செருப்பை மாத்திப் போட்டுட்டு வந்தாரே’ என்று சொல்லி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க வராது.

பிள்ளைகள் போனபிறகு தம்பதிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்த ஆய்வுகளில் ஒன்றை உங்களுக்குச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் மில்ஸ் கல்லூரியில் 1958-லும் 1960-லும் படிப்பை முடித்த பெண்களைப் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அவர்களுடைய நாற்பதுகளின் தொடக்கம் முதல் அறுபதுகளின் தொடக்கம் வரையிலான 18 வருடத்து மணவாழ்க்கையை எடுத்துப் பார்த்த கட்டுரை 2008-ல் வந்தது. சராசரியாகப் பார்த்தால் வயது ஏற ஏற அவர்களுக்குக் கணவரோடான வாழ்க்கையில் நிறைவு கூடியிருந்தது. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனதற்கும் அதில் பங்கு இருந்தது. சுவாரஸ்யமான இடம் அடுத்துத்தான் வருகிறது. கணவரோடு இருக்கும் நேரம் கூடியதால் அந்த நிறைவு வரவில்லை. இருக்கிற நேரம் முன்பைவிட ரசிக்கும்படி ஆனதால் வந்தது.

உங்களிடம் நேரம் கொட்டிக் கிடக்கிறது. அதனால்தான் ‘எங்கேயாவது போய்விட்டு வரலாமா’ என்ற உங்கள் யோசனைக்கு நானும் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன். கணவர் பக்கம் சேர்ந்துகொண்டேன் என்று கோபிக்க வேண்டாம். வீட்டில் இருபது நிமிடம் பேசப் பழக்கமில்லாத இரண்டு பேரைக் கொண்டுபோய்ப் புது இடத்தில் பத்து நாள் ஒரே அறையில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? என்னிடம் வந்த ஒரு தம்பதி அப்படித்தான் போனார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆளுக்கொரு ஜன்னல் ஓரமாக நின்று பிள்ளைகளோடு பேச ஆரம்பித்துவிட்டார்களாம். திரும்பி வரும்போது முன்னைவிடப் பெரிய ஏமாற்றத்தோடு வந்தார்கள். பயணம் பிறகு போகலாம். பேச்சு முதலில் வரட்டும்.

கோபம்கூட வரவில்லை என்பதைப் பற்றி. அதைக் கண்டு பயந்தது சரியான பயம். ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் தம்பதிகளை 14 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பிரிந்தவர்கள் இரண்டு விதமாகப் பிரிந்திருந்தார்கள். கடுமையாகச் சண்டை போட்டவர்கள் சீக்கிரம் பிரிந்தார்கள், திருமணமாகிச் சராசரியாக ஐந்தரை வருடத்தில். இன்னொரு கூட்டம் திருமணத்திலிருந்து 16 வருடம் போல ஓட்டிவிட்டுப் பிரிந்தது. அவர்களிடம் சண்டை பெரிதாக இல்லை. சிரிப்பும் இல்லை, ஆர்வமும் இல்லை, எதுவுமே இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் ‘அவங்க வீட்ல ஒரு சத்தம் வராது’ என்று மெச்சியிருப்பார்கள். உங்களுக்கும் அப்படி ஆகப்போகிறது என்று சொல்லவில்லை. அமைதி என்று நீங்கள் பெயர் வைத்திருப்பது அமைதிதானா என்று சந்தேகப்பட்டீர்கள் பாருங்கள், அந்தச் சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள் என்கிறேன். கோபம் வராத ஒருத்தி ஏழு பக்கம் கடிதம் எழுத மாட்டாள் என்பதும் என் கணக்கு.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

நான்காம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காலையில் அவர் பால்கனியில் நின்றபடி ‘அந்தக் குருவி மறுபடி வந்திருக்கு பாரேன்’ என்று சொன்னதாக. நீங்கள் துணி மடித்துக்கொண்டே ‘ம்’ என்றதாக. ‘அவர் பேசுவதெல்லாம் இப்படி உப்புச்சப்பில்லாத விஷயம்தான்’ என்பதற்கு உதாரணமாக அதை எழுதினீர்கள். நான் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டேன். ‘மறுபடி’ என்கிறார். அப்படியென்றால் முன்பும் வந்திருக்கிறது, அவர் பார்த்திருக்கிறார், காத்திருக்கிறார், வந்ததும் சொல்ல ஒரு ஆளைத் தேடியிருக்கிறார். வீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

காட்மன் இதை ஒரு அழைப்பு என்பார். ‘என்னைக் கொஞ்சம் கவனியேன்’ என்று நேராகக் கேட்கத் தெரியாதவர்கள் குருவியைக் காட்டுவார்கள், செய்தித்தாளில் ஒரு வரியைப் படித்துக் காட்டுவார்கள், ‘இன்னைக்கு முதுகு வலிக்குது’ என்பார்கள். புதுமணத் தம்பதிகளின் பேச்சைப் பதிவு செய்துவிட்டு, ஆறு வருடம் கழித்து யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அவர் குழு பார்த்தது. சேர்ந்திருந்தவர்கள் இந்த மாதிரி அழைப்புகளுக்கு நூற்றுக்கு 86 தடவை திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 தடவை. அவர்கள் புதுமணத் தம்பதிகள், நீங்கள் 26 வருடத்துக்காரர்கள், ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் என் அறைக்கு வருகிற ஐம்பது வயதுத் தம்பதிகளிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான். பெரும்பாலும் இருவருமே அழைப்பு விட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். எடுக்கத்தான் ஆள் இருக்காது.

ஆக, முதல் இரண்டு வாரத்துக்கு நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யவேண்டாம். அவர் குருவி என்றால் துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். அவ்வளவுதான். ‘எத்தனை நாளா வருது?’ என்று ஒரு கேள்வி. முதல் தடவை அவரே ஆச்சரியப்பட்டு உங்களைத்தான் பார்ப்பார், குருவியைப் பார்க்க மாட்டார்.

‘எப்பவும் போனை நோண்டிக்கிட்டே இருக்கிறார்’ என்ற புகாரையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன். இதில் என் சொந்தக் கதை ஒன்று உண்டு. எங்கள் மகன் கிளம்பிய வருடம் என் கணவரும் ராத்திரி பதினொரு மணி வரை போனும் கையுமாக இருந்தார். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற நான், ‘அப்படி அதில் என்னதான் இருக்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டே விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிப்போவேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். செஸ் விளையாடிக்கொண்டிருந்தார். முகம் தெரியாத யாரோ ஒருவரோடு. அவருக்குச் செஸ் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கிறாராம், என்னிடம் சொன்னதில்லையா என்று கேட்டால் ‘நீ கேட்டதில்லையே’ என்கிறார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. 24 வருடம் கூடவே இருந்ததால் எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். நான் தெரிந்துவைத்திருந்தது முப்பது வயது ஆளை. ‘என்ன பார்க்கிறீங்க?’ என்ற கேள்வியைக் குற்றம்சாட்டுகிற குரலில் இல்லாமல் ஒரே ஒரு முறை கேட்டுப்பாருங்கள். குரல்தான் இதில் எல்லாம்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த அடி. தினமும் இருபது நிமிடம், அதில் மூன்று விஷயத்துக்குத் தடை: பிள்ளைகள், பணம், வீட்டு வேலை. இதைச் சொன்னதும் தம்பதிகள் சிரிப்பார்கள். ‘அப்புறம் என்னத்தைப் பேசறது?’ அதேதான். முதல் வாரம் பேச ஒன்றும் இருக்காது. நாலாவது நிமிடத்திலேயே ‘அவ சாப்பிட்டாளோ இல்லையோ’ என்று வாய் வரை வந்துவிடும். விழுங்கிக்கொள்ளுங்கள். எதிரெதிரே உட்காரவும் வேண்டாம். நேருக்கு நேர் உட்காரவைத்தால் நிறைய ஆண்களுக்கு விசாரணையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. ‘நாம கொஞ்சம் பேசணும்’ என்ற வாக்கியத்தைக் கேட்டதும் எந்தக் கணவருக்கும் அடிவயிறு கலங்கும். அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். பக்கத்தில் பக்கத்தில் நடப்பது நல்லது. நடக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, இடையில் பேச்சு நின்றாலும் கால் போய்க்கொண்டிருக்கும்.

கேட்கிற கேள்விகள் ‘ஆச்சு’, ‘இல்லை’ என்று முடியாதவையாக இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பேச்சில் எல்லாமே ‘கட்டியாச்சா, பூட்டியாச்சா’தான், அதற்கு மேல் பதில் சொல்ல இடமே இல்லை. ‘வேலையை விட்டபிறகு காலையில் எழுந்து முதலில் என்ன செய்வீங்க?’ என்று கேட்கலாம். ‘சின்ன வயசில் யாரைப் பார்த்து அவங்களை மாதிரி ஆகணும்னு நினைச்சீங்க?’ ‘இந்த ரெண்டு வருஷத்தில் உங்களுக்கு ரொம்பப் பயமா இருந்த நாள் எது?’ கடைசிக் கேள்வியை முதல் நாளே கேட்டுவிடாதீர்கள், ஒரு மாதம் போகட்டும். அவர் கேள்வியே திருப்பிக் கேட்காவிட்டால்? முதலில் கேட்க மாட்டார். நீங்களாகவே உங்கள் பதிலைச் சொல்லுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.

புதிதாக எதையாவது சேர்ந்து செய்யச் சொல்வது ஆலோசகர்களின் வழக்கமான பாட்டு, நானும் பாடிவிடுகிறேன். ஆர்தர் ஆரோன் என்ற உளவியலாளர் 2000-ல் வெளியிட்ட சோதனையில் தம்பதிகளின் கையையும் காலையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, இருவர் உடம்புக்கும் நடுவில் ஒரு தலையணையைக் கையால் தொடாமல் பிடித்துக்கொண்டு மெத்தைகள் மேல் தவழ்ந்து போகச் சொன்னார். ஏழே நிமிட விளையாட்டு. சும்மா பந்து உருட்டியவர்களைவிட, விழுந்து புரண்டு சிரித்தவர்களுக்கு உறவின் மேல் திருப்தி கூடியிருந்தது. நீங்கள் தலையணையோடு தவழவேண்டாம். இருவருக்கும் தெரியாத ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கெட்டிக்காரராகவும் இன்னொருவர் மாணவராகவும் இருந்தால் பழைய கதைதான்.

இனி அந்த இரண்டு அறைகள். இதை நீங்கள் நாலே வரியில், அதிலும் ஒன்றை அடித்துவிட்டு, எழுதியிருந்தீர்கள். நான் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

தனித்தனியாகப் படுப்பது தன்னளவில் ஒரு நோய் கிடையாது. குறட்டை, தூக்கமின்மை, ராத்திரியில் உடம்பு சூடேறுவது என்று நடைமுறைக் காரணங்களுக்காகப் பிரிந்து படுத்துவிட்டு ரொம்ப நெருக்கமாக இருக்கிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் யாரும் முடிவு எடுக்கவில்லை என்பதுதான் சிக்கல். பரீட்சைக்காக ஒரு மாதம் என்று ஆரம்பித்தது. பரீட்சை முடிந்தது. திரும்பி வா என்று அவர் சொல்லவில்லை, வரட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் ‘அவருக்கு நான் வேண்டாம்போல’ என்று நினைத்துக்கொண்டீர்கள். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

‘இந்த வயசுல என்ன’ என்பதற்கு அகராதிப் பொருள் ஒன்று, வீட்டுப் பொருள் வேறு. ஐம்பதுகளில் இருக்கும் ஆண் இதைச் சொன்னால், ‘எனக்கு முன்ன மாதிரி முடியலை, அது உனக்குத் தெரிந்துவிடுமோன்னு பயமா இருக்கு’ என்பது பல நேரம் அதற்குள் இருக்கும். 40 வயதுக்கு மேல் விறைப்புக் குறைவது ரொம்பச் சாதாரணமான விஷயம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, சில மாத்திரைகள், மனச்சோர்வு என்று காரணம் பல. முக்கியமாக ஒன்று: இதய நோய் வெளியே தெரிவதற்குச் சில வருடம் முன்பே இது அறிகுறியாக வரக்கூடும். கூச்சப்பட்டு மறைத்துவைக்கிற விஷயமில்லை இது, மருத்துவரிடம் சொல்லவேண்டிய விஷயம். தானாகக் கடையில் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதோடு இதையும் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

உங்கள் பக்கமும் பார்க்கவேண்டும். 45 முதல் 55 வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில வருடம் முன்பிருந்தே தூக்கம், மனநிலை எல்லாம் ஆட்டம் காணும். உடம்பு திடீரென்று சூடாவது பெரும்பாலானவர்களுக்குக் காலப்போக்கில் குறைந்துவிடும். பிறப்புறுப்பு வறட்சி அப்படித் தானாகப் போவதில்லை. கவனிக்காவிட்டால் கூடவும் செய்யும். வலிக்கிற உறவை எந்த உடம்பும் விரும்பாது, இதில் அன்புக்கும் ஆசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வழவழப்புக்கான ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். அது போதவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் தடவுகிற, குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கிரீம் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று மகப்பேறு மருத்துவர் பார்த்துச் சொல்வார். ‘எனக்கு ஆசையே எழுவதில்லை’ என்று நீங்கள் அடித்துவிட்ட வரியை நான் படித்துவிட்டேன், மன்னிக்கவும். முதலில் ஆசை வரும், அப்புறம்தான் நெருக்கம் என்று எல்லாருக்கும் வரிசை ஒன்றாக இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கிறோம், அவசரமில்லை, பேச்சு நன்றாக இருக்கிறது என்ற நிலை வந்தபிறகே ஆசை எழுகிறவர்கள் நிறையப் பேர். நீண்ட திருமணங்களில் பெண்களுக்கு இது சகஜம் என்று ரோஸ்மேரி பாஸன் என்ற கனடா மருத்துவர் 2000-ம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

எனவே படுக்கையை நாளைக்கே மாற்றவேண்டாம். தூங்குவதற்கு முன் கால் மணி நேரம் அவர் அறையிலோ உங்கள் அறையிலோ சேர்ந்து இருந்துவிட்டு, அப்புறம் அவரவர் இடத்துக்குப் போங்கள். கையைப் பிடித்துக்கொள்வதோ முதுகைத் தடவிக்கொடுப்பதோ அதோடு நிற்கட்டும். அதற்கு மேல் போகக்கூடாது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. தொட்டால் அடுத்தது என்ன என்ற பதற்றம்தான் பாதிப் பேரைத் தொடவிடாமல் வைத்திருக்கிறது. குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறார் என்றால் அதைத் தனியாகப் பரிசோதிக்கவேண்டும், சிகிச்சை உண்டு.

இன்னொன்று, சின்னது. ‘நாலு தடவை கூப்பிட்டாலும் காதில் வாங்குவதில்லை, டிவியை அலறவிடுகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை காதைப் பரிசோதித்துவிடுங்கள். அலட்சியம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தது காது மந்தமாக இருந்து, ஒரு கருவியில் தீர்ந்த கதைகள் என்னிடம் மூன்று நான்கு உண்டு.

இப்போது ஏழாம் பக்கம். கையெழுத்துக்கு மேலே, இடமில்லாமல் ஓரமாக, ஒரே வரி: ‘எங்கம்மா ஆஸ்பத்திரியில் இருந்த இருபது நாளும் அவர் ஒரு ராத்திரிகூட வந்து இருக்கவில்லை, அதை மட்டும் என்னால்...’ வாக்கியத்தை முடிக்கவே இல்லை. பதினொரு வருடம் ஆகிறது என்று வேறொரு பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆறு பக்கமும் இந்த வரிக்கு முன்னுரையோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பிள்ளைகள் இருந்தவரை இதை நினைக்க நேரமில்லை. இப்போது வீடு அமைதியாகிவிட்டது, அந்த ஆஸ்பத்திரி ராத்திரிகள் திரும்பி வருகின்றன. பிள்ளைகள் போனபின் தம்பதிகளுக்குள் எழும் தூரத்தில் நிறைய, உண்மையில் பழைய பாக்கி.

இதை அவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம், நடையும் பேச்சும் இரண்டு மாதம் போனபிறகு. அதற்கு முன் தனியாக உட்கார்ந்து ஏழு நிமிடம் எழுதிப்பாருங்கள். உங்கள் இருவருக்குமே நல்லது நினைக்கிற மூன்றாம் மனிதர் ஒருவர் அந்த இருபது நாளையும் பார்த்திருந்தால் எப்படிச் சொல்வார் என்று. எலை ஃபிங்கெல் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 120 தம்பதிகளை இரண்டு வருடம் கவனித்தார்கள். இரண்டாம் வருடத்தில் பாதித் தம்பதிகளை வருடத்துக்கு மூன்று முறை இப்படி எழுதச் சொன்னார்கள். எழுதாதவர்களின் திருப்தி சரிந்துகொண்டே போனது. எழுதியவர்களுக்கு அந்தச் சரிவு நின்றது. கவனியுங்கள், மேலே ஏறவில்லை, சரிவு நின்றது. 2013-ல் வெளியான இந்த முடிவில் எனக்கு நம்பிக்கை வருவதே அதன் அடக்கத்தால்தான்.

எழுதும்போது, அந்த இருபது நாளும் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற கேள்வி வரலாம். அவருக்கு ஆஸ்பத்திரி என்றாலே என்ன ஆகும் என்ற கேள்வியும் வரலாம். பதில் அவருக்குச் சாதகமாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. அவர் செய்தது தவறாகவே இருக்கலாம். பேசும்போது அந்த ஒன்றை மட்டும் பேசுங்கள். ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று ஆரம்பித்தால் அவர் 26 வருடத்துக்கும் வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவார். ‘அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தப்போ நான் தனியா உட்கார்ந்திருந்தேங்க. நீங்க வரணும்னு ஒவ்வொரு ராத்திரியும் வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அது இன்னும் எனக்குள்ள இருக்கு.’ இவ்வளவு போதும். ‘எனக்கு ஞாபகமே இல்லையே’ என்று அவர் சொல்லக்கூடும். அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு நெஞ்சில் முள்ளாக இருப்பது அவருக்கு ஒரு வேலைநெருக்கடியான மாதமாக மட்டும் இருந்திருக்கலாம். உடனே மன்னிப்பு கேட்கிறவர்களும் உண்டு, மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் வேறு எதையோ பேசுகிற சாக்கில் அதைத் தொடுகிறவர்களும் உண்டு. உங்கள் வர்ணனையைப் பார்த்தால் உங்களவர் இரண்டாவது வகை.

மூன்று, நான்கு மாதம் இப்படி முயன்றும் அவர் அசையவே இல்லை என்றால் ஒரு குடும்ப ஆலோசகரிடம் போங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போகலாம், அதிலும் பயன் உண்டு. அவருக்கு எதிலுமே நாட்டமில்லாமல் போய், தூக்கமும் பசியும் மாறி, அது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதாகத் தெரிந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம், உங்களுக்கும் இதே அளவுகோல்தான். அடி, அவமானப்படுத்துவது, மிரட்டல் உள்ள வீடுகளுக்கு நான் மேலே எழுதிய எதுவும் பொருந்தாது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம் என்று சொல்லிவைக்கிறேன்.

பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவேண்டாம். மகள் அப்பாவுக்குப் போன் செய்து ‘ஏம்ப்பா அம்மாகூடப் பேசமாட்டேங்கிறீங்களாமே’ என்பாள். தபால்காரர் வேலைக்குத் திரும்ப வந்துவிடுவாள்.

அந்தச் சோபாவை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே பயன்படுத்திக்கொள்ளலாம். மகள் ‘பை’ சொல்லித் திரை கருத்ததும் நீங்கள் எழுந்திருக்காதீர்கள். அவர் எழுவதற்குள், சற்றுமுன் பேசியதிலிருந்தே எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், அந்தச் செருப்புக் கதையை வேண்டுமானாலும். முதல் வாரம் இரண்டு நிமிடம் உட்காருவார். தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள்.

பின்குறிப்பில், ‘உங்கள் பதிலை அவரிடம் காட்டலாமா’ என்று கேட்டிருந்தீர்கள். காட்டலாம், ஆனால் அடிக்கோடு போட்டு, ‘பாருங்க, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க’ என்று மேஜைமேல் வைக்காதீர்கள். குருவி இருக்கிற பத்தியை நீங்களே படித்துக் காட்டி, அன்றைக்குத் துணியைக் கீழே வைக்காமல் போனதற்கு வருத்தம் சொல்லிவிட்டுப் பத்திரிகையை மடித்துவைத்துவிடுங்கள். மீதியை அவரே எடுத்துப் படித்துக்கொள்வார், நீங்கள் பார்க்காத நேரத்தில்.